கோல் விழுந்த பிறகு எழுதப்படும் கதை
(கால்பந்து பார்க்கும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்)



நம் பகுதியில் கால்பந்து தெரியாத வீடு இல்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் அறுவடை முடிந்த வயல் கிடைத்தால் போதும், இரண்டு ஜோடி செருப்பைக் கழற்றி வைத்துக் கோல் கம்பம் ஆக்கிவிடுவார்கள் பிள்ளைகள். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும் ஃபின்லே கேடயப் போட்டி 1940களிலிருந்து வருவது. கிளாஸ்கோ கம்பெனியின் பெயரைத் தாங்கிய அந்தக் கேடயத்துக்காக ஓடி வியர்த்த கால்களில் பெரும்பாலானவை நம் தமிழ்த் தொழிலாளர்களின் கால்கள். தாத்தா ஆடிய எஸ்டேட்டுக்காகப் பேரனும் ஆடிய குடும்பங்கள் அங்கே உண்டு.

இப்போது நம் வீடுகளில் இன்னொரு வழக்கமும் வந்துவிட்டது. 2014இல் ஐ.எஸ்.எல். போட்டி தொடங்கியதிலிருந்து ஒரே கூரையின் கீழ் இரண்டு கட்சி. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கும் பிள்ளை கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை. கோயம்புத்தூரிலிருந்தோ போடியிலிருந்தோ வந்த மாமாவுக்குச் சென்னையின் எஃப்.சி.யின் நீலம். மறுநாள் காலையில் மலையாளப் பத்திரிகை ஒரு கதை சொல்லும், தமிழ்ப் பத்திரிகை ஒரு கதை சொல்லும். ஆட்டம் ஒன்றுதான்.

இந்தப் பாடத்தை எழுதக் காரணம் 2023ஆம் வருடம் மார்ச் 4ஆம் தேதிக் காலை. முந்தின இரவு பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்ததைப் பற்றி டீக்கடையில் பேச்சு. நான் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "நம்மளை ஏமாத்திட்டாங்க" என்றேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன், "பெரியப்பா, நீங்க மேட்ச் முழுசாப் பார்த்தீங்களா?" என்று கேட்டான். நான் பார்த்தது செல்போனில் வந்த நாற்பது விநாடித் துண்டு மட்டும். அதை அவனிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் இந்தக் கட்டுரை. அந்த இரவுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அடிப்படை.

பாடம் 1: அணி என்பது இடைவெளி

மைதானத்தில் பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர். மற்ற இருபத்தொரு பேர் என்ன செய்கிறார்கள்? இதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி ஆட்டம் புரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். சர்வதேச அளவு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பெருக்கினால் 7140 சதுர மீட்டர். கோல்கீப்பரை விட்டுப் பத்துப் பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 714 சதுர மீட்டர். ஒரு மனிதனால் இவ்வளவு இடத்தைக் காவல் காக்க முடியுமா? முடியாது. ஆகவே நல்ல அணி மைதானம் முழுவதையும் காப்பதில்லை. பந்து இருக்கும் பக்கமாக எல்லாரும் நெருங்கி வந்து, சுமார் 35 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலத்துக்குள் நின்றுகொள்வார்கள். அது 1400 சதுர மீட்டர். ஆளுக்கு 140. முன்பு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. இப்போது காவல் சாத்தியம்.

மீதி இடத்தை யார் பார்ப்பது? முதுகுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தை ஓரளவு ஆஃப்சைடு விதி பார்த்துக்கொள்கிறது. சக ஆட்டக்காரர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில், எதிரணியின் பாதியில் நிற்கும் முன்கள ஆட்டக்காரர், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டி கோல் கோட்டுக்கு அருகில் இருந்துகொண்டு ஆட்டத்தில் தலையிட்டால் ஆஃப்சைடு. ஆகவே பின்கள நால்வர் ஒரே கோட்டில் முன்னேறி நின்றால் எதிரணியும் முன்னேறி நிற்க முடியாது. நால்வரில் ஒருவர் இரண்டடி பின்தங்கினாலும் கோடு உடைந்தது.

ஆனால் எதற்கும் ஒரு விலை உண்டு. கோட்டை முன்னே கொண்டுவந்தால் பின்னால் வெற்றிடம் கூடும். வேகமான எதிரி அதில் ஓடுவான். பின்னே இழுத்துக்கொண்டால் நடுக்களத்தில் எதிரிக்கு நிம்மதியாகப் பந்து கிடைக்கும். 4-4-2, 4-3-3 என்று டி.வி.யில் காட்டும் எண்கள் ஆட்டம் தொடங்கும்போது நிற்கும் வரிசை மட்டுமே. எந்த விலையைக் கொடுக்க ஒரு பயிற்சியாளர் முடிவு செய்தார் என்பதே உத்தி. டி.வி. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் இந்த விலை நமக்குத் தெரிவதில்லை. பத்திரிகையில் படிப்பதும் பந்தின் கதைதான்.

பாடம் 2: நாயகனுக்குப் பின்னால் நிற்பவர்கள்

1973 டிசம்பர் 27. எர்ணாகுளத்தில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம். கேரளம் 3, ரயில்வே 2. கேரளத்துக்கு அதுவே முதல் சந்தோஷ் கோப்பை. மூன்று கோலும் கேப்டன் மணி அடித்தவை. அதன் பிறகு அவர் பெயரே 'கேப்டன் மணி' ஆகிவிட்டது. ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த எனக்கு அந்த ஆட்டத்தில் யார் பக்கம் சேருவது என்பது இன்றும் சங்கடமான கேள்விதான்.

மணியின் பெருமையில் ஒரு குந்துமணி அளவும் குறைக்க வேண்டாம். ஆனால் ஸ்கோரைப் பாருங்கள், வித்தியாசம் ஒரு கோல். ரயில்வே இன்னொரு கோல் அடித்திருந்தால் கதையே வேறு. இரண்டோடு அவர்களை நிறுத்தி வைத்த பின்களத்தாரின் பெயரை இன்று நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? கதைக்கு ஒரு நாயகன் போதும். ஆட்டத்துக்குப் பதினொரு பேர் வேண்டும்.

கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து இன்னொன்று. 2022 ஏப்ரலில் மலப்புரம் மாவட்டம் மஞ்சேரியில் சந்தோஷ் கோப்பை அரையிறுதி. கர்நாடகம் முதலில் ஒரு கோல் போட்டுவிட்டது. கேரளப் பயிற்சியாளர் பினோ ஜார்ஜ் இடைவேளைவரை காத்திருக்கவில்லை. முதல் பாதியிலேயே ஆளை மாற்றி ஜெசின் என்ற இளைஞரை இறக்கினார். ஜெசின் ஐந்து கோல் அடித்தார்; கேரளம் 7-3 என்று வென்றது. ஜெசினைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை, எழுத வேண்டியதுதான். ஆனால் பாடம் படிக்க உட்காரும் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு கோல் பின்தங்கியதும் பதறாமல், எந்த இடத்தில் ஆள் குறைகிறது என்று கண்டு, முதல் பாதியிலேயே மாற்ற ஒருவருக்கு எப்படித் துணிச்சல் வந்தது? அந்த மாற்றம் பலிக்காமல் போயிருந்தால் அவரைப் பற்றி என்ன எழுதியிருப்பார்கள்?

மே 2ஆம் தேதி இறுதி ஆட்டம், எதிரணி வங்காளம். கூடுதல் நேரத்தில் 97ஆம் நிமிடம் வங்காளம் கோல். 116ஆம் நிமிடம் சஃப்னாத் தலையால் முட்டிச் சமன் செய்தார். பெனால்டியில் கேரளம் 5-4. ஏழாவது முறையாகக் கோப்பை. 115ஆம் நிமிடத்தில் விசில் ஊதியிருந்தால் "சொந்த மண்ணில் தோல்வி" என்று எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் ஆடிய ஆட்டம் அதேதான். ஒரு தலைமுட்டு கதையைத் திருப்பிப் போட்டுவிட்டது.

பாடம் 3: முடிவிலிருந்து பின்னோக்கி எழுதுவது

இது பத்திரிகைக்காரர்களின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்கு ஆட்டம் முடிகிறது. அச்சுக்குப் போக வேண்டிய நேரம் நெருங்குகிறது. முடிவு தெரிந்த பிறகு, அந்த முடிவுக்குப் பொருந்துகிற காரணத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். வென்றவர் "மன உறுதி" படைத்தவர். தோற்றவர் "நெருக்கடியில் நொறுங்கியவர்". இந்த வார்த்தைகள் ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டிருந்தால் மதிப்பு உண்டு. பின்னால் எழுதினால் அது ஜோசியர் போன வருட மழையைச் சொல்வது மாதிரி.

கேரளா பிளாஸ்டர்ஸை எடுத்துக்கொள்வோம். மூன்று ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டங்கள், மூன்றிலும் தோல்வி. 2014இல் மும்பையில் கொல்கத்தா அணியிடம் ஆட்டம் முடியும் நேரத்தில் விழுந்த கோலால் 0-1. 2016இல் கொச்சியில் அதே கொல்கத்தாவிடம் 1-1, பிறகு பெனால்டியில் 3-4. 2022 மார்ச் 20இல் கோவாவில் ஹைதராபாத்திடம் 1-1, பெனால்டியில் 1-3. "இறுதி ஆட்டம் என்றாலே பிளாஸ்டர்ஸுக்கு ராசி இல்லை" என்று பேச்சு.

ராசியை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். 90, 120, 120 நிமிடங்கள்; மொத்தம் 330. அதில் வாங்கிய கோல் 3, போட்டது 2. மூன்று இறுதி ஆட்டத்தில் மூன்றே கோல் வாங்கிய பின்களத்தை நொறுங்கிய பின்களம் என்று சொல்ல முடியுமா? குறை எங்காவது இருந்தால் முன்களத்தில் தேட வேண்டும். அதுவும் கவனமாக. மூன்று ஆட்டமும் மூன்று வேறு வருடங்கள், மூன்று வேறு பயிற்சியாளர்கள், பெரும்பாலும் வேறு ஆட்டக்காரர்கள். மூன்று ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு குணத்தையே நிர்ணயிப்பது, மூன்று நாள் மழையைப் பார்த்து அணையின் உயரத்தை முடிவு செய்வது போன்றது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. எல்லாப் பருக்கையும் ஒரே பானையில் வெந்தது. இவை மூன்றும் வேறு வேறு பானை.

இன்னொரு மனிதரைப் பாருங்கள். 2022 இறுதியில் பெனால்டிகளைத் தடுத்து ஹைதராபாத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி. அன்று அவர் வீரர், தீரர். அதே கட்டிமணி 2015 இறுதி ஆட்டத்தில் கோவா அணியின் கோல்கீப்பர். அந்த ஆட்டத்திலும் அவர் பெனால்டி தடுத்தார். கோவா 2-1 என்று முன்னணியில் இருக்க, 90ஆம் நிமிடத்தில் பந்து அவர் மேல் பட்டுச் சொந்தக் கோலாகப் போயிற்று. அடுத்த இரண்டு நிமிடத்தில் மெண்டோசா ஒரு கோல் அடிக்க, நம் சென்னையின் அணிக்கு 3-2 என்று கோப்பை. அன்று மாமாவின் நீலச் சட்டை வீட்டில் ஆடிய ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். கோவாக்காரருக்குக் கட்டிமணி அன்று வேறு ஆளாகத் தெரிந்திருப்பார். அவர் 2015க்கும் 2022க்கும் நடுவில் கோழையிலிருந்து வீரராக மாறவில்லை. பந்து பட்ட இடம் மாறியது.

பாடம் 4: கடல் கடந்து ஒரு உதாரணம்

நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் மெல்போர்ன், சிட்னி என்று போய்க் குடியேறியிருக்கிறார்கள். அங்கே வேறொரு கால்பந்து உண்டு. முட்டை வடிவப் பந்து, வட்டம்போல் நீண்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர், கையாலும் பிடிக்கலாம், ஆஃப்சைடே கிடையாது. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையில் போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி.

ஆஃப்சைடு இல்லாவிட்டால் பாடம் 1இல் சொன்ன நெருக்கத்தை எப்படி உண்டாக்குவது? 2005இல் சிட்னி ஸ்வான்ஸ் அணியின் பயிற்சியாளர் பால் ரூஸ் தன் ஆட்களைப் பின்னால் கூட்டமாக நிறுத்தி, எதிரிக்கு இடமே விடாமல் பந்தை நெரிக்கும் முறையைக் கடைப்பிடித்தார். பார்க்க அழகாக இல்லை. அந்த வருடப் பருவத்தின் நடுவில், லீகின் தலைமை நிர்வாகி ஆண்ட்ரு டெமெட்ரியு என்பவரே இந்த ஆட்டமுறை கண்ணுக்கு லட்சணமாக இல்லை என்று பகிரங்கமாகக் குறை சொன்னார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன.

செப்டம்பர் 24ஆம் தேதி மெல்போர்னில் இறுதி ஆட்டம். சிட்னி 58, வெஸ்ட் கோஸ்ட் 54. கடைசி விநாடிகளில் கோல் முகத்துக்கு வந்த பந்தை லியோ பேரி என்ற பின்கள ஆட்டக்காரர் கூட்டத்துக்கு மேலே எம்பிப் பிடித்தார். அந்தக் கிளப் தெற்கு மெல்போர்ன் என்ற பெயரில் 1933இல் வென்ற பிறகு 72 வருடம் கழித்துக் கிடைத்த வெற்றி. உடனே அழகற்ற ஆட்டம் "தியாகம் நிறைந்த கூட்டு முயற்சி" ஆகிவிட்டது.

இப்போது ஸ்கோரைப் பிரித்துப் பாருங்கள். சிட்னி 8 கோல், 10 பிஹைண்ட். வெஸ்ட் கோஸ்ட் 7 கோல், 12 பிஹைண்ட். புள்ளி கிடைத்த முயற்சிகள் சிட்னிக்கு 18, வெஸ்ட் கோஸ்டுக்கு 19. கூடுதல் முயற்சி செய்தவர் தோற்றார். அந்தப் பன்னிரண்டில் ஒன்று கம்பத்துக்கு உள்பக்கமாகப் போயிருந்தால் ஐந்து புள்ளி கூடி 59 ஆகியிருக்கும்; கோப்பை கை மாறியிருக்கும். அப்போது சிட்னியின் முறை அழகற்றது மட்டுமல்ல, பயனற்றதும் என்று எழுதியிருப்பார்கள். உத்தி நல்லதா கெட்டதா என்பதை ஒரு உதையை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடச் சுத்தமான கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

பாடம் 5: ஒரு யார்டில் நான் கற்றது

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பி.டபிள்யூ.ஐ. என்று சொல்லப்படும் பாதை ஆய்வாளராக இருந்த ஆரம்ப வருடங்கள். ஒரு யார்டில் பாயின்ட்ஸ் மேல் போகும்போது சரக்கு வேகன் ஒன்று தடம் புரண்டது. ஆளுக்குச் சேதமில்லை. மறுநாள் ஒரு பத்திரிகையில் பாயின்ட்ஸ்மேனின் கவனக்குறைவு என்று வந்துவிட்டது. யார்டிலும் அதே பேச்சு. பாயின்ட்ஸ் மாற்றுகிறவர் அவர், பாயின்ட்ஸில் வண்டி விழுந்தது, ஆகவே குற்றம் அவருடையது. கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள்.

விசாரணையில் கேஜ் வைத்து அளந்தோம். 1676 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய அகலப் பாதை அந்த இடத்தில் விரிந்திருந்தது. கட்டைகள் உளுத்து, ஆணி பிடிக்கவில்லை. சக்கரம் உள்ளே விழுந்துவிட்டது. பாயின்ட்ஸ் சரியாகவே போடப்பட்டிருந்தது. அந்தக் கட்டைகளை நான் முன்பே பார்த்தவன். மாற்றுக் கட்டை வேண்டுமென்று எழுதிப் போட்டேன். வரும்வரை வண்டியின் வேகத்தைக் குறைக்க உத்தரவு போட்டிருக்க வேண்டும், போடவில்லை. குற்றம் என்னுடையது. விசாரணையில் அதைச் சொன்னேன். எனக்கு ஒரு வருட இன்கிரிமென்ட் போயிற்று. அவர் வேலைக்குத் திரும்பினார். ஆனால் பத்திரிகையில் வந்தது வந்ததுதான், திருத்தம் வரவில்லை. ஊரில் அவர் பெயர் 'வண்டியைக் கவிழ்த்தவர்' என்றே பல காலம் இருந்தது.

நம் நாட்டில் பெரிய ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ஏன்? வண்டி ஓட்டுகிறவரே விபத்தின் கதையையும் சொன்னால் தனக்குச் சாதகமாகத்தான் சொல்வார் என்பது தெரிந்ததால். ரசிகனும் அப்படித்தான். தன் அணியின் தோல்வியைத் தானே விசாரித்தால் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடும்.

பாடம் 6: 2023 மார்ச் 3 இரவு

இப்போது கண்டீரவாவுக்கு வருவோம். ஐ.எஸ்.எல். நாக் அவுட் ஆட்டம். பெங்களூரு, கேரளா பிளாஸ்டர்ஸ் இரு அணிக்கும் 90 நிமிடத்தில் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் 96ஆம் நிமிடம் பெங்களூருக்கு ஃப்ரீ கிக். கேரள கோல்கீப்பர் தன் ஆட்களைச் சுவர்போல் நிறுத்திக்கொண்டிருந்தார். சுனில் சேத்ரி விசிலுக்குக் காத்திராமல் உதைத்தார். பந்து காலி வலைக்குள் போயிற்று. நடுவர் கிறிஸ்டல் ஜான் கோல் என்றார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் ஆட்டக்காரர்களை வெளியே அழைத்தார், அவர்கள் திரும்பவில்லை. ஆட்டம் பெங்களூருக்கு 1-0 என்று கொடுக்கப்பட்டது.

டீக்கடையில் நான் சொன்ன "ஏமாத்திட்டாங்க" என்ற ஒரு வார்த்தைக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து வைப்போம்.

முதல் கேள்வி: கோல் சரியா? விதி இதுதான். ஃப்ரீ கிக் கிடைத்த அணி விசிலுக்குக் காத்திராமல் விரைவாக உதைக்கலாம். எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்கும்வரை காத்திருக்கவும் கேட்கலாம். நடுவர் குறுக்கிட்டுச் சுவரைத் தள்ளி நிறுத்தத் தொடங்கிவிட்டால் பிறகு விசில் வேண்டும். அன்று நடுவர் குறுக்கிட்டாரா இல்லையா என்பதே தகராறு. குறுக்கிட்டார் என்றது கேரளம். விசில் வேண்டாம் என்று சொல்லிவிட்டே உதைத்தேன் என்றார் சேத்ரி. கேரளத்தின் புகார் ஏற்கப்படவில்லை. இதில் இருவர் இரண்டு விதமாக நினைக்க இடமுண்டு. நானும் பையனும் இன்றும் ஒத்துப்போகவில்லை.

இரண்டாவது கேள்வி: வெளியேறியது சரியா? இதில் முதல் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் விடை மாறாது. மார்ச் 31இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பகிரங்க மன்னிப்பும் கேட்கச் சொன்னது. பயிற்சியாளருக்கு 5 லட்சமும் 10 ஆட்டத் தடையும். நான் அதைவிட ஒரு சின்னக் கழித்தல் கணக்கையே பெரிதாக நினைக்கிறேன். கூடுதல் நேரம் முடிவது 120ஆம் நிமிடம். கோல் விழுந்தது 96இல். மீதி 24 நிமிடம். ஒரே ஒரு கோல் பின்தங்கல். முந்தின வருடம் மஞ்சேரியில் கேரள மாநில அணி 97ஆம் நிமிடத்தில் கோல் வாங்கி, 116இல் திருப்பிக் கொடுத்துக் கோப்பையே வாங்கியதை மேலே பார்த்தோம். அதே அளவு நேரம் இவர்கள் கையிலும் இருந்தது. கோபம் அந்த 24 நிமிடத்தை விழுங்கிவிட்டது. யாரும் பறிக்கவில்லை, நாமே விட்டுக்கொடுத்தோம்.

மூன்றாவது கேள்வி: அதற்கு முந்தின 96 நிமிடத்தில் கேரளத்துக்கு ஏன் ஒரு கோலும் விழவில்லை? இதை அந்தக் காலையில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நல்ல துரோகக் கதை கிடைத்துவிட்டால் இதுபோன்ற சலிப்பான கேள்விகளுக்கு இடமே இருக்காது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் ஜெயிக்க உதவுவது இந்தச் சலிப்பான கேள்விதான். அநீதி நடந்திருந்தாலும்கூட இந்தக் கேள்வி மிச்சமிருக்கும்.

வீட்டில் செய்து பார்க்க

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யலாம். ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும்.

1. ஆட்டத்தில் ஏதாவது ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். உங்கள் அணியின் பின்கள நால்வரை மட்டும் பாருங்கள். கோடு நேராக இருக்கிறதா, யார் பின்தங்குகிறார் என்று குறியுங்கள். டி.வி.யில் இது கடினம். உள்ளூர் மைதானத்திலும் எஸ்டேட் மைதானத்திலும் மேட்டில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்.

2. ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் ஒரு வரி கோடு. அதில் கோலை நோக்கி உதைத்தவை இரு பக்கமும் எத்தனை, பந்தை இழந்தது மைதானத்தின் எந்தப் பகுதியில் என்று எழுதுங்கள்.

3. இடைவேளையில், ஆட்டத்தின் முடிவு தெரியுமுன், "இதுவரை யார் நன்றாக ஆடினார்கள், ஏன்?" என்று இரண்டு வரி எழுதி மடித்து வையுங்கள். முடிந்த பிறகு பிரித்துப் படியுங்கள். நாம் எவ்வளவு சீக்கிரம் கட்சி மாறுகிறோம் என்று தெரியும்.

4. மறுநாள் மலையாளப் பத்திரிகையையும் தமிழ்ப் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு மற்றவருக்கு இல்லாத வசதி இது. இரண்டிலும் ஒன்றாக இருப்பதற்கு ஒரு கோடு, ஒன்றில் மட்டும் இருப்பதற்கு இரண்டு கோடு போடுங்கள். ஒரு கோடு போட்டதெல்லாம் பெரும்பாலும் நடந்தது. இரண்டு கோடு போட்டது பெரும்பாலும் கதை.

5. தோற்ற ஆட்டத்துக்குக் காரணம் எழுதும்போது ஒரு ஆளின் பெயரை எழுத நேர்ந்தால், அதன் கீழே "அளந்து பார்த்தேனா?" என்று எழுதிப் பதில் சொல்லுங்கள்.

கடைசிப் பயிற்சி கால்பந்துக்கு மட்டுமல்ல. எல்லையோரத்தில் வாழும் நமக்குத் தினம் தேவைப்படுவது. தண்ணீர்ப் பிரச்சினையோ சம்பளப் பிரச்சினையோ எது வந்தாலும் அந்தப் பக்கத்தில் ஒரு கதை, இந்தப் பக்கத்தில் ஒரு கதை. இரண்டிலும் யாரோ ஒரு பாயின்ட்ஸ்மேன் மாட்டிக்கொண்டிருப்பார்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். லீவில் வந்தால் நோட்டுப் புத்தகத்தோடு வருவான். போன தடவை அவன் பிளாஸ்டர்ஸ் தோற்ற ஒரு ஆட்டத்தின் கணக்கைக் காட்டி, "பெரியப்பா, இதுல யார் மேலயும் தப்பு சொல்ல முடியலை. அவங்க நல்லா ஆடினாங்க, அவ்வளவுதான்" என்றான். எனக்கு அந்த இன்கிரிமென்ட் திரும்பக் கிடைத்தது போல இருந்தது.